மூன்றாவது பாட்டில் இருந்த சத்தம்

என் தம்பிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். தெருவிலும் தொழிற்சாலையிலும் சொந்தபந்தத்திலும் அவன் கீறல்தான். என் பிள்ளைகளுக்குக் கீறல் மாமா. பெரியப்பா வீட்டுப் பெண்களுக்குக் கீறல் அண்ணன். அவன் மாமனார் மட்டும் மரியாதைக்காக 'மாப்பிள்ளை' என்பார். அவன் தலை மறைந்ததும் அவரும் எங்களோடு சேர்ந்துகொள்வார்.

பெயர் வேலையால் வந்தது. இசைத்தட்டு அச்சடிக்கிற தொழிற்சாலையில் அவன் கேட்கிறவன். அங்கே அந்த வேலையை அப்படித்தான் சொல்வார்கள். சூடான கருப்புப் பிளாஸ்டிக்கை இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துகிறவர் ஒருவர், தட்டின் ஓரத்தைச் சீவுகிறவர் ஒருவர், உறையில் போடுகிறவர்கள் நாலு பேர், கேட்கிறவர் ஒருவர். அந்த ஒருவர் இவன். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு பிளேயர், காதுக்கு ஹெட்போன், நூலில் கட்டிய பென்சில். புதிதாக ஒரு பாட்டு வந்தால் மாதிரிக்கு ஐந்தாறு தட்டு மட்டும் அழுத்தி இவனிடம் கொடுப்பார்கள். இவன் கேட்டு, சொடக்கு, கரகரப்பு, கீறல் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் மீதித் தட்டுகளுக்கு மெஷின் ஓடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இருபத்தாறு வருஷமாகப் பாட்டுக் கேட்டே பிழைக்கிறவன் ஒரு பாட்டையும் கேட்டது கிடையாது. ஒருமுறை நானே கேட்டேன், "ஏண்டா, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேக்குறியே, ஒண்ணாவது பாடிக் காட்டேன்" என்று.

"அக்கா, ஜன்னல் கண்ணாடி தொடைக்கிறவன் வெளியில யார் போறாங்கன்னு பார்த்துக்கிட்டு நின்னா கண்ணாடி சுத்தமாகுமா? பாட்டுல மனசு போச்சுன்னா சத்தம் தப்பிச்சுடும்" என்றான்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தான். அவனுக்கு வரும் மாதிரித் தட்டில் யார் பாட்டு, என்ன பெயர் என்று எதுவும் இருக்கக் கூடாது. நடுவில் வெள்ளைத் தாள், அதில் ஒரு எண், அவ்வளவுதான். முன்பு வேறொருவர் கேட்கிறவராக இருந்தபோது முதலாளியின் நண்பருடைய தட்டைக் கரகரப்போடு விட்டுவிட்டாராம். "யாருதுன்னு தெரிஞ்சா காது சாஞ்சுடும்" என்று சொல்லி இவனே கொண்டுவந்த ஏற்பாடு. அதில் அவனுக்குப் பெருமை வேறு. பின்னால் இந்த வெள்ளைத் தாள்தான் அவனை மாட்டிவிட்டது.

தொழிற்சாலையோடு போயிருந்தால் பரவாயில்லை. கல்யாணப் போட்டோ வந்தபோது எல்லோரும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவன் மூலையில் இருந்த கட்டைவிரல் அடையாளத்தைப் பார்த்தான். மாமனார் வீட்டுக்கு முதல்முறை போனவன், வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள், கதவுக் கீல் கிறீச்சிடுகிறது என்று எண்ணெய் கேட்டான். குற்றம் கண்டுபிடித்ததும் வாயால் சொல்லிவிட்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சொல்வதற்கு முன்னால் நாக்கை அண்ணத்தில் ஒட்டி இழுத்து, ஒரு 'ட்ச்'. அது வந்தது என்றால் யாரோ எதையோ சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

அந்த 'ட்ச்' அவன் சொந்தச் சம்பாத்தியம் அல்ல. எங்கள் அப்பாவுக்கு இருந்தது. அப்பாவுக்கு அண்ணன், தையல்கடை வைத்திருந்த பெரியப்பா, துணி வெட்டுவதற்கு முன் ஒன்று, வெட்டிய பின் ஒன்று விடுவார். அவருடைய இரண்டாவது மகன், பெண்டாட்டி தன்னைவிட ஒரு சாண் உயரம் என்பதால் கடைசிவரை அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாத மனிதர், அவருக்கும் உண்டு. ஆனால் அவர் மெதுவாக விடுவார், பெண்டாட்டி பக்கத்தில் இருப்பாள் அல்லவா. ஒவ்வொருத்தர் 'ட்ச்'சும் ஒவ்வொரு தினுசு. இருட்டில் கேட்டாலும் யாருடையது என்று நான் சொல்லிவிடுவேன். தம்பியுடையது கொஞ்சம் ஈரமாக, கடைசியில் ஒரு இழுப்போடு வரும்.

அவனுக்கு ஒரே மகள். எனக்கு அவள் பொடிசு. இருபத்துநாலு வயதாகி என்னைவிட ஒரு தலை உயரமாக நின்றாலும் பொடிசுதான். சின்ன வயதில் எப்போதும் பாடிக்கொண்டே திரிவாள். ஏழு வயதிருக்கும், குளியலறையில் பாடிக்கொண்டிருந்தவளிடம் அப்பன் வெளியே நின்று சொன்னான்: "ட்ச். ரெண்டாவது வரியில மூச்சு வாங்குறது கேக்குது." அதோடு வீட்டில் பாடுவதை நிறுத்திவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார்கள். பன்னிரண்டு வயதில் ஒருநாள் சமையலறையில் பிரெஞ்சில் ஒரு பாட்டுப் பாடினாள். அப்பன் காதைத் தீட்டிக்கொண்டு கதவருகே வந்து நின்றான். வாயைத் திறந்தான், மூடினான். அந்த மொழியில் எது மூச்சு, எது எழுத்து என்று அவனுக்குப் பிடிபடவில்லை. போய்விட்டான். இவள் அன்றே முடிவுசெய்துவிட்டாள், இனிமேல் எனக்குப் பாட்டு மொழி இதுதான் என்று. மற்றவர்கள் என்ன என்னவோ காரணம் சொல்வார்கள். பொடிசு பிரெஞ்சில் பாடுவதற்கு இதுதான் காரணம், அவளே என்னிடம் சொன்னது.

அப்புறம் கூட்டு சேர்ந்தது. பொடிசு பாட்டும் கிட்டாரும். பல் டாக்டரிடம் உதவிக்கு இருக்கிற பெண் டிரம். பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் தடித்த குரலில் முனகுகிற கிட்டார். சலவைக் கடைக்காரர் மகன் பியானோ மாதிரி ஒரு பெட்டி. சலவைக் கடையின் பின்னறையில், துவைக்கிற மெஷின்களுக்கு நடுவில் பழகுவார்கள். இதற்கு இண்டி ராக் என்று பெயராம். எந்தக் கம்பெனியிலும் சேராமல் தாங்களே எழுதி, தாங்களே வாசித்து, தாங்களே போய் உட்கார்ந்து கேட்டுக்கொள்வது என்று நான் புரிந்துகொண்டேன். பொடிசு சிரித்தாள், மறுக்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்பு டிரம் அடிக்கிற பெண்ணோடு தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள். சண்டை ஒன்றும் இல்லை. போகிற அன்று பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பன் அவள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். 'பத்திரமாக இரு' என்று சொல்லியிருக்கலாம். 'சாப்பிடு' என்று சொல்லியிருக்கலாம். 'ட்ச்' என்றான். "சட்டையை மடிச்சு வெக்கிற லட்சணமா இது" என்று குனிந்து, முழுப் பெட்டியையும் வெளியே எடுத்து, அவனே மறுபடி அடுக்கிப் பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் அம்மாவோடு தினமும் போனில் பேசுவாள். அப்பன் அடுத்த அறையிலிருந்து "நல்லா இருக்காளா" என்பான். அவள் "நல்லா இருக்காரா" என்பாள். நடுவில் என் தம்பி பெண்டாட்டி தபால்காரி.

ஊர் ஹாலில் அந்த நாலு பேர் நடத்துகிற கச்சேரிக்கு அவன் ஒருமுறையும் போனதில்லை. "அந்த ஹால்ல ஸ்பீக்கர் சரியில்ல" என்பான். வீட்டில் பிளேயரும் கிடையாது. நாள் முழுக்கக் கேட்டவனுக்கு வீடு அமைதியாக இருக்க வேண்டுமாம்.

இப்படியிருக்கையில் அந்த நாலு பேரும் ஒன்பது பாட்டு சேர்த்து ஓர் ஆல்பம் செய்தார்கள். அதன் பிரெஞ்சுப் பெயருக்குப் 'பின்னறை' என்று அர்த்தம். தட்டு அச்சடிக்க வேறு இடமும் இருந்தது. பொடிசு அப்பன் வேலை பார்க்கிற இடத்துக்கே அனுப்பினாள். அம்மாவிடம் போனில் சொன்னாள்: "என் பாட்டை அப்பா ஒரு தடவையாவது முழுசா கேக்கணும்மா. வேலைக்காகவாவது கேப்பார்ல. என் குரல்னு அவருக்கே தெரியட்டும். நீ சொல்லிடாதே."

என் தம்பி பெண்டாட்டி அதே தொழிற்சாலையில் உறையில் போடுகிற நாலு பேரில் ஒருத்தி. ஆல்பத்தின் உறைகள் முன்கூட்டியே அவள் மேஜைக்கு வந்துவிட்டன. சலவை மெஷின்களுக்கு முன்னால் நாலு பேரும் நிற்கிற படம், நடுவில் அவள் பெற்ற மகள். கட்டுக் கட்டாக அடுக்கி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடி வைத்துவிட்டாள். வருகிற சனிக்கிழமை ஹாலில் ஆல்பம் வெளியீடு. வெள்ளிக்குள் தட்டுகள் தயாராக வேண்டும். அழுத்த இரண்டு நாள் ஆகும். தொழிற்சாலையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், கேட்கிறவனுக்கு மட்டும் தெரியாது.

முந்தின வாரம் அவன் முதல் தட்டைக் கேட்டான். சாயங்காலம் எங்கள் வீட்டில் டீ குடிக்கும்போது அவனே ஆரம்பித்தான். எங்கள் வீடும் அவர்கள் வீடும் எதிரெதிர்க் கதவு. டீ எங்கள் பக்கம்தான்.

"மூணாவது பாட்டுல ஒரு சத்தம். ரெண்டு நிமிஷம் பதினோரு செகண்டுல. அடுத்த தட்டை எடுத்துக் கேட்டேன், அங்கேயும் அதே இடத்துல. அப்போ தூசி இல்ல. அழுத்துற தகடுல கோளாறு."

"பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று அவன் பெண்டாட்டி கேட்டாள்.

"பாட்டா?" என்றான், யாரோ தெரியாதவரைப் பற்றி விசாரித்த மாதிரி. "அதான் சொல்றேனே, சத்தம்."

அவள் டீயை ஆற்றுகிறேன் என்று ஆற்றிய ஆற்றலில் பாதி கீழே போனது.

புதுத் தகடு செய்தார்கள். அதே இடத்தில் அதே சத்தம். அப்படியென்றால் தகட்டுக்கும் முந்தின, பாட்டை முதன்முதலில் வெட்டுகிற மூலத் தட்டிலேயே கோளாறு என்று அதையும் புதிதாக வெட்டவைத்தான். ஞாயிறு போய்த் திங்கள் வந்தது. மூன்றாவது முறையும் சத்தம் அசையவில்லை. சூப்பர்வைசர் அவனைவிடச் சின்னவர், பொடிசைத் தூக்கி வளர்த்தவர். அவர் பஞ்சு அறைக்குள் வந்து நின்றார்.

"அண்ணே, அனுப்பினவங்ககிட்ட பேசிட்டேன். அது வேணும்னே வெச்ச சத்தமாம்."

"சத்தத்தை யாராவது வேணும்னு வெப்பாங்களா? சரி, என்ன சத்தம்னு எழுதிக் கொடுக்கச் சொல்லு."

அவன் படிவத்தில் மூன்று கட்டம் உண்டு. இடம், சத்தத்தின் வகை, காரணம். கட்டம் நிரம்பாமல் அவன் கையெழுத்து விழாது. சூப்பர்வைசர் மறுபடி போன் செய்தார். பொடிசு பதில் சொன்னாள்: "என்ன சத்தம்னு கேக்குறவரே எழுதட்டும்."

அதைக் கேட்டு இவனுக்குக் கோபம். "என்ன திமிரு பார்த்தியா அக்கா. யார் பெத்த பிள்ளையோ" என்றான் என்னிடம். நான் சர்க்கரை டப்பாவைத் தேடுகிற மாதிரி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். பின்னால் அவன் பெண்டாட்டிக்கு இருமல் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அவன் போன பிறகு அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். சிரிப்பெல்லாம் போயிருந்தது. "அண்ணி, நாளைக்குள்ள கையெழுத்துப் போடலேன்னா 'திருப்பி அனுப்பு'னு எழுதிடுவார். சனிக்கிழமை அவ வெறுங்கையோட மேடையில நிப்பா. அது போகட்டும். மூணு தடவை கேட்டிருக்கார் அண்ணி. மூணு தடவையும் அவ குரல் அவர் காதுல விழலியே. நான் சொல்லிடவா?"

"அவ சொல்லாதேன்னாளே."

"அதான் ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ரெண்டும் ஒரே பிடிவாதம். பெத்தது நான், பிடிவாதம் மட்டும் அப்படியே உங்க வீட்டுது."

எங்கள் வீட்டைச் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் மறுக்க வழியில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கீறல் கையில் ஒரு தட்டோடு என் வீட்டுக் கதவில் நின்றான். வெள்ளைத் தாள் ஒட்டிய தட்டு. தொழிற்சாலைத் தட்டை வெளியே கொண்டுவந்தது அதுதான் முதல்முறை. முகம் வாடியிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு சத்தமும் அவனிடம் பெயர் சொல்லாமல் தப்பியதில்லை.

"அக்கா, அத்தான் வாங்கின பிளேயர் ஓடுதா? எனக்கு இன்னொரு காது வேணும். என் காது போயிடுச்சோன்னு பயமா இருக்கு."

என் வீட்டுக்காரர் வாங்கின பிளேயர். அவர் போன பிறகு அதன்மேல் சலவைத் துணி அடுக்கி வைத்திருந்தேன். துணியை இறக்கினோம். தம்பி பிளேயரைச் சுற்றிப் பார்த்து, ஊசியைப் பார்த்து, ஒரு 'ட்ச்' விட்டு, சட்டை நுனியால் தூசியைத் துடைத்தான். அவன் பெண்டாட்டி எதிர்க் கதவைத் திறந்து வந்து சுவரோடு சாய்ந்து நின்றாள்.

மூன்றாவது பாட்டில் ஊசியை வைத்தான். கிட்டார் ஒன்று நடக்கிற மாதிரி ஆரம்பித்தது. பிறகு பொடிசின் குரல். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் முதல் வரியிலேயே மூக்கு எரிந்தது. இவனைப் பார்த்தேன். கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, வரப்போகிற பூனைக்காகக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"இப்போ வரும்" என்றான்.

மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றன. ஒரு நொடி வெறும் அறையின் ஓசை. அதில் 'ட்ச்'.

ஈரமாக, கடைசியில் ஒரு இழுப்போடு.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவன் பெண்டாட்டி கூரையைப் பார்த்தாள்.

"கேட்டியா அக்கா? என்ன சத்தம் அது? தகடு உரசுறதா, ஈரம் பட்டதா, ஒண்ணும் பிடிபடல."

"சரியா கேக்கல. இன்னொரு தடவை போடு" என்றேன்.

ஊசியைக் கொஞ்சம் முன்னால் வைத்தான். வாத்தியங்கள் நின்றன. தட்டு 'ட்ச்' என்றது. அந்தச் சனியன் மறுபடியும் வந்துவிட்டதே என்கிற எரிச்சலில் இவனும் 'ட்ச்' என்றான்.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. அச்சு அசல்.

அவன் கை கடிகாரத்தோடு அப்படியே நின்றுவிட்டது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மெதுவாக, தனக்குத்தானே இன்னொரு முறை 'ட்ச்' என்று விட்டுப் பார்த்தான். பிறகு ஊசியைத் தூக்கி அந்தப் பாட்டின் தொடக்கத்திலேயே வைத்தான்.

இந்தமுறை கடிகாரம் மேஜைமேல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டான். பாதிப் பாட்டில் கேட்டான், "யாரு பாடுறது?"

அந்தக் கேள்வியை அவன் வாயிலிருந்து நான் பிறந்தது முதல், இல்லை, அவன் பிறந்தது முதல் கேட்டதில்லை. அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"மூச்சு வாங்குறது இப்போ கேக்கல" என்றான் கண்ணைத் திறக்காமல். "நல்லா மறைக்கக் கத்துக்கிட்டா."

ஒன்பது பாட்டையும் கேட்டோம். அவன் பெண்டாட்டி சாய்ந்த சுவரை விட்டு வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முடிந்ததும், "அந்த மூணாவது பாட்டு எதைப் பத்தினது?" என்று கேட்டான்.

"போன் போட்டு நீங்களே கேளுங்களேன். எனக்குத் தபால் வேலை அலுத்துப்போச்சு" என்றாள் அவள்.

போனை வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் போய்விட்டான். கதவு சாத்தியிருந்தது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கதவு ரொம்ப கெட்டி, முயற்சி செய்தேன். பிறகு பொடிசு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: ஒரு பெண் வீட்டைவிட்டுப் போகிறாள், ஒருவர் பெட்டியைக் கலைத்து மறுபடி அடுக்கிக் கொடுக்கிறார், மாதங்கள் ஆகியும் அவள் அந்தப் பெட்டியின் அடியிலிருக்கிற சட்டைகளைக் கலைக்கவே இல்லை என்று பாட்டில் வருகிறதாம். தன் அறையின் ஓசையைப் பாட்டுக்காகப் பிடிக்க, கிளம்பிய அன்று போனை ரெக்கார்டிங்கில் போட்டுக் கட்டில்மேல் வைத்திருந்தாளாம். அதில் விழுந்ததுதான் அந்தச் சத்தம்.

வியாழன் காலையில் அவன் கொடுத்த படிவத்தைச் சூப்பர்வைசர் எல்லோருக்கும் காட்டினார். தம்பி பெண்டாட்டி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து எனக்கும் காட்டினாள். இடம் என்ற கட்டத்தில் மூன்றாவது பாட்டு, இரண்டு நிமிடம் பதினோரு விநாடி. வகை என்ற கட்டத்தில், நாக்கு. காரணம் என்ற கட்டத்தில் இத்தனை வருஷமாகத் தூசி, தகடு, ஈரம், மெஷின்காரர் என்று மாறி மாறி எழுதியவன், இந்த முறை 'நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

மெஷின் இரண்டு நாள் ஓடியது. வெள்ளிக்கிழமை உறைகளின் மேலிருந்த துணியை எடுத்து, அவள் ஒவ்வொன்றாகத் தட்டைப் போட்டாள்.

சனிக்கிழமை மூவரும் ஹாலுக்குப் போனோம். கீறல் முதலில் ஸ்பீக்கரைப் போய்ப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிது. மூன்றாவது பாட்டு வந்தது. அந்த இடத்தில் நாலு பேரும் வாசிப்பதை நிறுத்தினார்கள். தட்டில் இருக்கிற சத்தம் மேடையில் இல்லை. பொடிசு கிட்டாரைப் பிடித்தபடி எங்கள் வரிசையைப் பார்த்தாள். ஹால் முழுக்க அமைதி. வாழ்நாளெல்லாம் யாரும் கேட்காமலே 'ட்ச்' விட்டவன், மகளே அதைக் கேட்டு நிற்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு, காது சிவக்க, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது என் பக்கத்திலிருந்து வந்தது, 'ட்ச்'. ஈரமாக, கடைசியில் ஒரு இழுப்போடு. அவன் பெண்டாட்டி. தினமும் கேட்டுக் கேட்டு வந்தது, பிசகுமா?

மேடையில் பொடிசு சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் பிடித்தாள். என் தம்பி தன் பெண்டாட்டியின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான்:

"அரை செகண்டு லேட்டு."